எல்கேஜிக்கு முந்தைய ஓராண்டு: அங்கன்வாடியா, விளையாட்டுப் பள்ளியா, மாண்டிசோரியா, வீடா?

மூன்று வயதை நெருங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் நவராத்திரி முடிந்த கையோடு ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. அடுத்த ஜூனில் எல்கேஜி; அதற்குள் குழந்தையை எப்படிப் பழக்குவது? தமிழ்நாட்டின் சிறு நகரம் ஒன்றில் வசிக்கும் நடுத்தரக் குடும்பத்தின் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன: தெருமுனை அங்கன்வாடி, கட்டணம் வாங்கும் தனியார் விளையாட்டுப் பள்ளி, மாண்டிசோரி முறையில் நடக்கும் இல்லம், எங்கும் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. இவற்றைக் கட்டணம், தூரம், வேன் வசதி, ஆங்கிலம் ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவதே வழக்கம். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. அந்த இடத்தில் குழந்தையின் கை ஒரு நாளில் என்னென்ன செய்கிறது, அப்படிச் செய்யும்போது அதனோடு பேசுவதற்குப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளே அந்த அளவுகோல்.

கையை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கோடு கிழிக்கும் திறன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகிறது. இரண்டு வயதில் மேலிருந்து கீழாக ஒரு கோட்டைப் பார்த்து இழுக்கிறார்கள். மூன்று வயதில், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வட்டம் கைகூடுகிறது. கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டியும், சதுரம் அதற்குச் சில மாதங்கள் கழித்தும் வருகின்றன. சாய்கோடுகளாலான முக்கோணத்துக்கு ஐந்து வயது ஆகிவிடுகிறது. மாதக் கணக்கில் முன்பின் ஆகலாமே தவிர வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தில் இரண்டு சாய்கோடுகள் உச்சியில் சந்திக்க வேண்டும். தமிழின் ‘அ’வில் சுழியும் வளைவும் படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் ஏறக்குறைய கையை எடுக்காமலே வந்தாக வேண்டும். வட்டத்தை இப்போதுதான் மூடக் கற்ற குழந்தையிடம் இவற்றைப் பக்கம் பக்கமாக நிரப்பச் சொல்லும்போது, நாம் கேட்பது அதன் அறிவை அல்ல, இன்னும் வந்து சேராத ஒரு கைத்திறனை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக இறுகியிருப்பதில்லை. பிசைவது, பிழிவது, கிள்ளுவது, கிழிப்பது, கோப்பது போன்ற வேலைகள்தான் அந்த வயதுக் கைக்கு உரியவை. பென்சில் பிடிப்பதற்கான வலுவும் அவற்றின் வழியாகவே விரல்களுக்கு வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எல்கேஜியின் முதல் மாதத்தில் குழந்தைக்குத் தேவைப்படுவது எழுத்தறிவு அன்று. அம்மாவை விட்டு மூன்று மணி நேரம் இருப்பது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது, டிபன் பாக்ஸைத் தானே திறப்பது, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவது, ‘பையை மாட்டிவிட்டு வந்து உட்கார்’ என்பது போன்ற இரண்டு படி உள்ள சொல்லைக் கேட்டு நடப்பது, ஊஞ்சலில் தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவையே தேவை. இவற்றில் பாதி கைத்திறன். மீதி, பிற குழந்தைகளோடு பழகிப் பெறும் பொறுமை. சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் குழந்தை என்று வரையறுப்பது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களையே என்ற நிலையில், எல்கேஜி வாசலில் ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்ற பெயரில் நேர்காணல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்காக ஓராண்டு முழுவதையும் நிறங்களின் பெயர்களை ஒப்பிக்கச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து.

வயதுக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது நிறைந்தால் போதும் என்பதால், குழந்தை 3 வயதிலேயே எல்கேஜிக்கு வந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது கேட்கும் சிபிஎஸ்இ பள்ளிகளில் அதே எல்கேஜிக்கு 4 வயது ஆகியிருக்கும். முதல் வகைப் பள்ளிக்குப் போகும் குழந்தையின் ‘முந்தைய ஆண்டு’ இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டது. அதற்கு வீடும் அங்கன்வாடியும் போதும் என்றே நினைக்கிறேன். இரண்டாவது வகையில் மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. தேர்வு உண்மையிலேயே கடினமாவது அங்கேதான்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். ‘வீட்டில் சும்மா இருக்கிறான்’ என்ற சொல்லில்தான் இந்த வழி மலிவாகிவிடுகிறது. முருங்கைக்கீரை ஆய உட்காரும் பாட்டியின் அருகில் மூன்று வயதுக் குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள். ஈர்க்கின் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையின் இரண்டு விரல்களால் இலையை உருவ வேண்டும். முதலில் ஈர்க்கே ஒடிந்து வரும், பிறகு இலை மட்டும் வரும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலையைச் செய்யப் பழகுவது இப்படித்தான். ஒரு கை நோட்டை அழுத்திப் பிடிக்க மறு கை எழுதுவதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சியே. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கொடுத்தால் பாம்பு வரும், பிறகு பாம்பு சுருண்டு முறுக்காகும். வாசலில் கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுத்து, மாவு ஒரே சீராக விழும்படி விடுவதற்குப் பென்சில் பிடிக்கும் அதே விரல்கள் வேண்டும். குழந்தையின் கோலம் முதலில் மாவுக் குவியலாகத்தான் இருக்கும். நான்கு புள்ளி வைத்துக் கொடுத்து, புள்ளியைத் தொடாமல் சுற்றி வரச் சொன்னால், வட்டம் போடக் கற்ற குழந்தை ஒன்றிரண்டு வாரங்களில் சுற்றத் தொடங்கிவிடும். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுத வைக்கும் வழக்கமும், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிய வழக்கமும் இந்த வயதுக் கைக்குப் பொருத்தமானவையே. ஒரு நாள் சடங்காக முடித்துக்கொள்ளாமல் தட்டை ஆண்டு முழுவதும் வெளியே வைத்திருக்கலாம்.

பாவனை விளையாட்டையும் இதோடு சேர்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொட்டாங்குச்சியும் பாட்டில் மூடியும் போதும். மணலைச் சோறு என்றும் வேப்பிலையைக் கூட்டு என்றும் பரிமாறும் குழந்தை, ஒரு பொருள் வேறொன்றுக்காக நிற்கலாம் என்ற ஏற்பாட்டைத் தன் வழியில் புரிந்துகொள்கிறது. ஓர் ஒலிக்காக ஒரு கோட்டு வடிவம் நிற்பதும் அதே ஏற்பாடுதான். கொலு வைக்கும் வீட்டில் படிக்குக் கீழே பூங்கா அமைக்கும் வேலையைப் பெரியவர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் குழந்தைகளிடம் விட்டுவிட்டால், மண் பரப்பி, கேழ்வரகு தூவி முளைக்க விட்டு, பாதை போட்டு, பொம்மைகளை வரிசையாக நிறுத்தும் பத்து நாள் பாடம் ஒன்று செலவில்லாமல் நடந்துவிடும். பூங்கா பார்க்க அழகாக இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். மூன்று வயதுக்குள் எதையும் வாயில் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால் புளியங்கொட்டை, பாசிமணி, சோழி ஆகியவற்றைத் தள்ளி வைப்பது நல்லது. வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் மூச்சுக்குழலில் சிக்கிக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது அரிதன்று. கடலை உடைக்கும் வேலையை நான்கு வயதுக்குப் பிறகு, அதுவும் கண்ணெதிரே மட்டும் கொடுக்கலாம்.

வீட்டு வழியின் குறைகள் வெளியில் தெரியாதவை. முதலாவது, நம் வீடுகளில் குழந்தைக்கான வேலையை அன்பினால் நாமே செய்துவிடுவது. சோற்றைத் தானே பிசைந்து உருட்டி உண்ணும் குழந்தைக்கு நாளுக்கு மூன்று வேளை விரல் பயிற்சி கிடைக்கிறது. நாலு வயது வரை ஊட்டிவிட்டு அதைப் பறித்துக்கொள்கிறோம். பிறகு அதே விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று கடையில் வண்ணக் களிமண் பெட்டி வாங்குகிறோம். இரண்டாவது, ஒத்த வயதுக் குழந்தைகள் இல்லாமை. தாத்தாவோடு விளையாடும் குழந்தை ஒவ்வொரு முறையும் வெல்கிறது. பொம்மையைப் பிடுங்கிக்கொள்ளும் இன்னொரு மூன்று வயதுக்காரனை அது சந்திப்பதே இல்லை. மூன்றாவது குறை சற்று நுட்பமானது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் 214 பாலர் வகுப்புகளைச் சேர்ந்த 1,540 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு எண்ணிக்கையையும் வடிவத்தையும் கண்ணால் மதிப்பிட்டு ஒப்பிடும் விளையாட்டுகள் சில மாதங்கள் தரப்பட்டன. எந்தக் கூட்டத்தில் அதிகம், எந்த வடிவம் பொருந்தாதது என்று உணரும் திறன் அவர்களிடம் உயர்ந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்திருந்தது. ஆனால் பள்ளியில் கற்பிக்கப்படும் எண்ணும் கணக்கும் அதனால் மேம்படவில்லை. கையும் கண்ணும் கற்றது தானாகவே பாடமாக மாறிவிடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. பல்லாங்குழியின் ஒவ்வொரு குழியிலும் ஐந்து ஐந்தாகக் காய் போடும் நாலு வயதுக் குழந்தையிடம், ‘எத்தனை போட்டாய்?’ என்று கேட்டு, அந்த எண்ணைச் சொல்ல வைத்து, சில நாள் அதன் வடிவத்தையும் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதிக் காட்டும் பெரியவர் தேவை. விளையாட்டு நடக்கும்போது அந்தப் பெரியவர் கைபேசியில் இருந்தால் விளையாட்டில் பாதி வீணாகிறது.

அடுத்து அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான குடும்பங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்கும், கட்டணம் கிடையாது. இரண்டு வயது முடிந்த குழந்தை முன்பருவக் கல்விக்கு வரலாம். சத்துமாவும் மதியச் சாப்பாடும் முட்டையும் கிடைக்கின்றன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் மாநில அரசு இதற்கென வகுத்த பாடத்திட்டமும் பாட்டு, கதை, கைவேலை, வெளி விளையாட்டு ஆகியவற்றை ஒட்டி அமைந்ததே. இங்கே எழுத்து நோட்டு நிரப்பும் நெருக்கடி குறைவு என்பது, பலரும் குறையாகச் சொன்னாலும், இந்த வயதுக்கு நன்மை என்றே நான் கருதுகிறேன். இன்னொரு பயன் பெற்றோர் கண்ணில் படுவதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து, பேச்சுத் தாமதம், செவித்திறன், பார்வை, வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் இப்படியொரு பரிசோதனை நடப்பது குறைவு.

குறை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளரின் நேரம் பெரும்பாலும் சமையலிலும் துப்புரவிலும் போகிறது. பணியாளருக்கோ எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போவது, பதிவேடுகள், கைபேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது என்று காலை கரைகிறது. குழந்தையோடு உட்கார நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 320 அங்கன்வாடி மையங்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்வியை மட்டும் பார்த்துக்கொள்ள அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அந்த மையங்களில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது; ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகளின் நிலை கணிசமாக உயர்ந்தது; பழைய பணியாளருக்கு மற்ற வேலைகளுக்கு நேரம் கிடைத்ததால் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. கட்டடத்தையோ விளையாட்டுச் சாமான்களையோ மாற்றிக் கிடைத்த பலன் அன்று இது. ஓர் ஆள் குழந்தையோடு உட்கார்ந்ததால் கிடைத்தது. ஆகவே அங்கன்வாடியைத் தேர்பவர் பார்க்க வேண்டியது சுவர் ஓவியத்தை அல்ல, காலை பத்தரை மணிக்குப் பணியாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை. பாயில் குழந்தைகளின் நடுவே என்றால் அந்த மையம் நல்ல மையம். விளையாட்டுப் பொருட்கள் அலமாரியில் பூட்டப்பட்டு, சாவி மேசை இழுப்பறையில் இருந்தால், சாப்பாட்டுக்காக மட்டும் இயங்கும் மையம் என்று எண்ணிக்கொள்ளலாம். பொருள் உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற அச்சம்தான் பல இடங்களில் பூட்டுக்குக் காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளே தொடங்கப்பட்டன. உங்கள் ஊரில் அவற்றுள் ஒன்று இருந்தால், இந்தக் கட்டுரையின் கேள்வி பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2015-இல் தனி விதிமுறைகளை வகுத்தது. அங்கீகாரம் பெற்றுத்தான் அவை நடத்தப்பட வேண்டும். அங்கீகார ஆணையைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை; ஆனால் பெரும்பாலோர் கேட்பதில்லை. இவற்றின் உண்மையான பலம் நேரம். காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் தனிக்குடித்தனத்துக்கு வேறு எங்கும் கிடைப்பதில்லை. அந்தத் தேவைக்காகச் சேர்க்கிறோம் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால், தேர்வும் தெளிவாகிவிடும்: அப்போது பார்க்க வேண்டியது தூங்க இடம், கழிப்பறை, குழந்தைக்கு இத்தனை ஆள் என்ற விகிதம், ஆயா அடிக்கடி மாறுகிறாரா என்பவை. கல்விக்காக என்று சொல்லிச் சேர்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. பெற்றோருக்குக் காட்டுவதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இந்தப் பள்ளிகளுக்கு உண்டு. கட்டணம் கட்டுபவர் மாதக் கடைசியில் நிரம்பிய நோட்டைத்தான் கேட்கிறார். களிமண்ணைப் பிசைந்த காலைப் பொழுதை எந்தக் கோப்பிலும் ஒட்ட முடியாது. விளைவு, இரண்டரை வயதில் புள்ளியை இணைக்கும் தாள், மூன்று வயதில் எழுத்து, ஆண்டு முடிவில் கறுப்பு அங்கி போட்டுப் பட்டமளிப்பு விழா.

கைவேலை என்று இங்கே காட்டப்படுவதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். காகிதத் தட்டில் செய்த சிங்கம் சுவரில் ஒட்டியிருக்கும். அருகில் போய்ப் பாருங்கள்: பிடரி வெட்டப்பட்டது பெரியவரின் கத்தரிக்கோலால், கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, இருபது சிங்கங்களுக்கும் ஒரே முகம். குழந்தை செய்தது நடுவில் ஒரு பொட்டு வைத்தது மட்டும். ஒரு சிங்கத்துக்கு வாய் நெற்றியில் இருந்தால், இன்னொன்று முழுவதும் ஊதா நிறத்தில் இருந்தால், அந்த வகுப்பில் குழந்தைகள் வேலை செய்திருக்கிறார்கள் என்று நம்பிச் சேர்க்கலாம். அப்படிப்பட்ட விளையாட்டுப் பள்ளிகளும் இருக்கின்றன. மணல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் நனைந்த கவுன்களும் அவற்றின் அடையாளங்கள். மாலையில் குழந்தை அழுக்கில்லாமல் வந்தால் மகிழும் பெற்றோர் இருக்கும்வரை அவை எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும்.

மாண்டிசோரி முறைக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1907-இல் ரோம் நகரின் ஏழை மக்கள் பகுதி ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939-இல் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் இங்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல், கொடைக்கானலிலும் தங்கிப் பணிசெய்தார். கைவழிக் கல்வி என்று வரும்போது இந்த நான்கில் மிக நுணுக்கமாகச் சிந்தித்து அமைக்கப்பட்டது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. மரக்கட்டையில் உள்ள வெவ்வேறு அளவுக் குழிகளில் பொருந்தி நிற்கும் உருளைகள் ஒவ்வொன்றின் தலையிலும் சிறு குமிழ் இருக்கும். அதைத் தூக்க மூன்று விரல்களால்தான் முடியும். பென்சில் பிடிப்பு, பென்சில் இல்லாமலே, மாதக் கணக்கில் பழக்கப்படுகிறது. உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. தவறு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. இளஞ்சிவப்புக் கோபுரத்தின் 10 கனசதுரங்கள் ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை ஏறுகின்றன. பெரிதும் சிறிதும் எடையாகவே கைக்குத் தெரிகின்றன. எழுத்துகள் உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். எழுதும் திசையிலேயே இரண்டு விரலால் தடவி, ஒலியைச் சொல்லி, பிறகுதான் எழுதுவது வருகிறது. டெல்லி ஆய்வு விட்டுச்சென்ற இடைவெளியை, கைக்கும் குறியீட்டுக்கும் இடையே உள்ள அந்தப் பாலத்தை, இந்த முறை தன் சாமான்களுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் அங்கேயே சேர்த்துவிடலாமே என்றால், மூன்று தடைகள் உண்டு. ஒன்று, பெயர்ப்பலகையை நம்ப முடியாது. மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வணிகக் குறியீடாக யாருக்கும் அது உரிமையானதன்று. சாமான்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, வரிசையில் உட்கார வைத்து எழுத வைக்கும் இடங்கள் இந்தப் பெயரில் ஏராளம். சாமான்கள் குழந்தையின் தோளுயரத்தில் திறந்த தட்டில் இருக்கின்றனவா, இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்கள் ஒரே அறையில் இருக்கிறார்களா, ஆசிரியர் இதற்கென முறையான பயிற்சி பெற்றவரா என்று பார்க்க வேண்டும். இரண்டு, இது மூன்றாண்டுச் சுற்று. முதலாண்டில் மூத்தவர்களைப் பார்த்துக் கற்று, மூன்றாமாண்டில் இளையவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் இதன் அமைப்பு. எல்கேஜிக்கு முன் ஓராண்டு மட்டும் சேர்த்துவிட்டு வேறு பள்ளிக்கு மாற்றுவது, பாதிக் கதையில் எழுந்து போவதாகவே முடியும். கட்டணமும் அப்போது மதிப்பில்லாததாகிவிடும். மூன்று, பாவனை விளையாட்டுக்கு இங்கே இடம் குறைவு. கோபுரக் கட்டைகளை வரிசையாக அடுக்கி ரயில் விடக்கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. ஜெர்மனியில் 1840-இல் முதல் மழலையர் தோட்டத்துக்குப் பெயர் சூட்டிய ஃபிரெட்ரிக் ஃப்ரோபலின் வழி இதற்கு மாறானது. அவர் கொடுத்த எட்டுச் சிறு கட்டைகள் காலையில் நாற்காலி, பிற்பகலில் கிணறு. காகிதம் மடிப்பதும் பின்னுவதும் களிமண்ணும் அவர் வழியில் வந்தவையே. மாண்டிசோரி இல்லத்தில் சேர்க்கும் பெற்றோர், மணல் சோறும் வேப்பிலைக் கூட்டும் வீட்டில் மாலையில் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

மாதச் சந்தாவில் வீட்டுக்கு வரும் கைவேலைப் பெட்டிகளையும் கைபேசிச் செயலிகளையும் ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். பெட்டியில் எல்லாம் முன்பே வெட்டப்பட்டு வருவதால் அதுவும் ஒரே முகச் சிங்கம்தான். செயலியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓடி ஆடும் நேரம் மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கண்ணாடியில் ஒரு விரலைத் தேய்ப்பதில் கைக்கு வேலையும் இல்லை.

இனி யாருக்கு எது என்று பார்க்கலாம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் 3 வயதில் எல்கேஜி, வீட்டில் பாட்டியோ அம்மாவோ இருக்கிறார் என்றால், காலையில் அங்கன்வாடி, மாலையில் வீட்டு வேலைகளும் தெருக் குழந்தைகளும் என்ற கூட்டே என் தேர்வு; இதைவிடச் செலவு குறைந்ததும் கைக்கு நிறைவானதும் வேறில்லை. அங்கன்வாடியில் சேர்ப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணும் வழக்கம் மட்டுமே இங்கே தடை. சாமான் பூட்டியிருக்கும் மையம் என்றால் அது வேறு காரணம், அதை ஏற்கிறேன். 4 வயதில் எல்கேஜி வைக்கும் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள், அருகில் உண்மையான மாண்டிசோரி இல்லம் இருந்து, யுகேஜி முடியும் வயதுவரை அங்கேயே விடவும் முடியும் என்றால் அதைத் தேரலாம். ஓராண்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகிற, பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கு விளையாட்டுப் பள்ளியே வழி. அங்கே நோட்டு எழுத்து கிடையாது என்ற உறுதியைச் சேர்க்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். மாலையில் ‘இன்று என்ன எழுதினாய்?’ என்று நீங்களும் கேட்காதீர்கள். குழந்தை இரண்டரை வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், எந்தப் பள்ளி என்பதை ஒத்திவைத்துவிட்டு மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு இயங்கும் இளங்குழந்தை இடையீட்டு மையத்துக்கு முதலில் போக வேண்டும்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைவேலை நடக்கும்போது ‘வழவழப்பு’, ‘சொரசொரப்பு’, ‘கெட்டி’, ‘நீர்த்துப்போச்சு’, ‘இன்னும் கொஞ்சம்’ என்று பெரியவர் இயல்பாகச் சொல்லும் சொற்கள்தான் குழந்தையின் சொத்து. அவை வீட்டு மொழியில்தான் தடையில்லாமல் வரும். நிறத்துக்கும் எண்ணுக்கும் ஆங்கிலப் பெயர்களை எல்கேஜியின் முதல் மாதமே சேர்த்துவிடும்.

கடைசியாக, பணம் கட்டும் வரிசை. அங்கன்வாடியில் சேர்க்க முன்பணம் கிடையாது, ஆண்டின் எந்த மாதத்திலும் போகலாம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். எனவே ஜனவரியில் விண்ணப்பங்கள் வெளிவரும் முன்பே இரண்டு மூன்று வாரம் காலை நேரங்களில் அங்கே விட்டுப் பாருங்கள். முதல் வாரம் அழுகைக் கணக்கில் போய்விடும். இரண்டாவது வாரத்தில்தான் குழந்தை எதைத் தேடிப் போகிறது, மணலையா, பாட்டையா, மற்றக் குழந்தைகளையா என்பது தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் விளையாட்டுப் பள்ளியே வேண்டும் என்று தோன்றினால், ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் பருவம் பருவமாகக் கட்ட அனுமதிக்கும் இடமாகப் பாருங்கள். சேர்ப்பதற்கு முன் சாதாரண வேலை நாள் ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல், காலை பத்தரைக்கு ஒரு முறை போய் வாருங்கள்.